ஹெல்மருக்குப் போகாத சாயங்காலம்

நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா தம்பி? மாப்பிள்ளைக்குப் பெரியப்பா மகனா. நல்லாருங்க. நான் ரெண்டு பக்கமும் கிடையாது. பொண்ணுக்கு அப்பா, அன்னா பட்டு வேட்டியில ஓடிக்கிட்டு இருக்காரே, அவரு பேரே பத்திரிகையப் பாத்துதான் எனக்குத் தெரியும். போன மாசம் பல் ஆஸ்பத்திரியில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோம். கன்னம் வீங்கிக் கிடக்கும்போதும் மனுசன் பையில இருந்து ஒரு பத்திரிகைய எடுத்து நீட்டி, வரவேற்புக்காவது வந்துருங்கன்னாரு. நானும் வந்துருதேன்னேன். அவரு அன்னைக்கே மறந்திருப்பாரு. நான் மறக்கல, வந்துட்டேன். இப்ப என்னைப் பாத்துட்டு இது யாருன்னு முழிக்காரு. முழிச்சா முழிக்கட்டும்.

சிரிக்காதீங்க. இந்தப் பதினோரு மாசமா இப்படித்தான் அலையுதேன். காதுகுத்து, சடங்கு, கடை திறப்பு, யார் கூப்பிட்டாலும் போயிருவேன். மேலகரத்துல ஒருத்தரு பேச்சுவாக்குல நம்ம வீட்டுப் பக்கம் வாங்கன்னாரு. மறுநாள் காலையில போயி நின்னேன். பாவம், தோள்ல துண்டோட குளிக்கப் போய்க்கிட்டு இருந்தாரு. என் வீட்டுக்காரி உலகம்மா, உங்களுக்குக் கிறுக்கு முத்திட்டுன்னு சொல்லுதா. அதோட விடவும் மாட்டா. போக வேண்டிய இடத்துக்குப் போகல, இப்ப ஊரெல்லாம் போயி யாருக்கு என்ன ஆகப்போகுதுங்கா. வாய் அவளுக்கு அப்படி. ஆனா சொல்லுதது சரிதான்.

பந்திக்கு இன்னும் நேரம் கிடக்கு. உங்களுக்குச் சோலி ஒண்ணும் இல்லன்னா கேளுங்க. இன்னைக்கு நான் யாருகிட்டயாவது இதச் சொல்லியாகணும்.

என் பேரு குத்தாலிங்கம். இதே தென்காசி பஸ் ஸ்டாண்டுல முப்பது வருசம் டைம் கீப்பரா இருந்தவன். எந்த பஸ்ஸு எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குப் போச்சுன்னு எழுதுதது, வரலன்னா வரலன்னு எழுதுதது, அதான் நம்ம உத்தியோகம். வராத பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்க சனங்க மூஞ்சிய என்னைவிடக் கூடப் பாத்த ஆளு இந்த ஜில்லாவுல இருக்க முடியாது. இதச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுது, காரணம் பொறவு தெரியும்.

ஒத்த மக செண்பகம். மருமகன் இசக்கிராஜ். அமெரிக்காவுல அயோவான்னு ஒரு மாநிலத்துல இருக்காவ. அமெரிக்கான்னா நாம நினைக்கது கடலும் கட்டடமும். இது நாட்டுக்கு நட்டநடுவுல கிடக்கு. எங்க திரும்பினாலும் மக்காச்சோளம், அதுக்கு அங்கிட்டும் மக்காச்சோளம். போன வருசம் ஆனியில நானும் உலகம்மாவும் ஆறு மாசத்துக்குப் போனோம். அவளுக்குப் பேரப்பிள்ளைக இருந்தா போதும், நேரம் போயிரும். எனக்குத்தான் வீட்டுல உக்காந்து உக்காந்து கிறுக்குப் பிடிச்சிட்டு. தெருவுல ஒரு மனுசன் நடமாட்டம் கிடையாது. எல்லாரும் கார்ஷெட்டுக்குள்ள இருந்து காரோடயே வெளிய வாராவ, காரோடயே உள்ள போறாவ.

மருமகனுக்கு என்ன வேலைன்னா, ஊர் ஊரா தானியத்தச் சேத்து வைக்க கிட்டங்கிக இருக்குல்லா, அங்க லாரிய அப்படியே ஏத்தி எடை போடுத மேடை இருக்கும். அந்த மேடைக்கு உள்ள கம்ப்யூட்டரச் சரிபண்ணுத வேலை. வாரத்துல மூணு நாளு வெளியூரு. ஒருநாளு, மாமா சும்மாதான இருக்கிய, கூட வாங்களேன்னாரு. தங்கமான பையன். நானும் வேட்டிய அவுத்துட்டு பேண்ட்ட மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். கிட்டங்கிக்குள்ள வெளியாள விடமாட்டாவ. அதனால என்னை ஊருக்குள்ள இறக்கிவிட்டுட்டு, ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போவாரு. அப்படி நான் பாத்த ஊரு பதினஞ்சு இருபது இருக்கும்.

அந்த ஊருகளப் பத்தி என்னத்தச் சொல்ல. பாக்கதுக்குன்னு ஒண்ணுமே கிடையாது தம்பி, அதான் அதோட அழகு. ஒரே ஒரு தெரு. ஒரு பேங்கு, ஒரு தபாலாபீஸு, ஆணி, பெயிண்ட் விக்க ஒரு கடை, ஒரு காப்பிக் கடை, ரெண்டு சர்ச்சு. ஊருப் பேர எழுதி வச்ச ஒசரமான தண்ணித் தொட்டி. மத்தியானம் பன்னண்டுக்கு சங்கு ஊதும். எதுக்குன்னு கேட்டேன். மணி பன்னண்டாயிட்டுன்னு சொல்லுததுக்காம். டைம் கீப்பருக்கு இதவிட என்ன வேணும்? நானும் தினம் கைக்கடிகாரத்தப் பாத்துக்கிடுவேன், ஒரு நிமிசம் பிசகினது கிடையாது.

ரோட்டுல போனா எதிர்ல வாற வண்டிக்காரரு ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரல மட்டும் தூக்குவாரு. மாப்ள, அவருக்கு உங்களத் தெரியுமான்னு கேட்டேன். தெரியாது மாமா, இங்க அப்படித்தான்னாரு. யாருன்னே தெரியாதவனுக்கு, நானும் இருக்கேன் நீயும் இருக்கன்னு ஒரு விரல். அவ்வளவுதான். ஆவணி மாசத்துக்குள்ள நான் அவியளுக்கு முந்தித் தூக்க ஆரம்பிச்சுட்டேன், வண்டி ஓட்டுதது மருமகனா இருந்தாலும்.

காப்பிக் கடைக்குள்ள போனா ஒரு வட்ட மேசை இருக்கும். அதுல நாலஞ்சு வயசான விவசாயிக இருப்பாவ. நான் தயங்கி நின்னா ஒருத்தரு காலாலயே ஒரு நாற்காலிய இழுத்து விடுவாரு. யாரு, என்ன, எதுக்கு வந்தன்னு கேக்க மாட்டாவ. பேச்செல்லாம் மழைதான். வீட்டுக்கு வீடு மழை அளக்கக் கண்ணாடிக் குழாய் வச்சிருக்காவ. என் வீட்டுல இவ்வளவு, உன் வீட்டுல எவ்வளவுன்னு அதையே அரைமணி நேரம் பேசுவாவ. ஒருத்தரு ஒண்ணு சொன்னா மத்தவரு யோசிச்சு, காப்பிய ஒரு வாய் குடிச்சு, ஜன்னல் வழியா வெளிய பாத்து, பொறவுதான் பதில் சொல்லுவாரு. நம்ம ஊருல அதுக்குள்ள ரெண்டு சண்டை முடிஞ்சிருக்கும். குத்தாலத்துல அருவிக்கு அடியில ஆயிரம் பேரு ஒண்ணா நின்னு குளிப்போம்னு சொன்னேன். அதையும் யோசிச்சுப் பாத்துட்டு, தண்ணி குளுருமான்னு ஒருத்தரு கேட்டாரு. எனக்கு அந்த மனுசங்கள ரொம்பப் பிடிச்சுப் போச்சு. என்னமோ தெரியல, எழுபது வயசுல எனக்குன்னு ஒரு எடம் போட்டு வச்சிருந்த மாதிரி இருந்துச்சு.

இப்ப ஹெல்மருக்கு வாறேன். ஊரு எல்லையில பலகை வச்சிருக்காவ: ஹெல்மர், மக்கள் தொகை நூத்தி எம்பத்தேழு. நம்ம தெருவுலயே அதவிடக் கூட இருப்பாவ. அங்க பழைய பள்ளிக்கூடத்த மியூசியமா வச்சிருக்காவ. வாரத்துல ரெண்டு நாளு திறக்கும். திறக்கது ஆர்டித்துன்னு ஒரு அம்மா, எம்பதுக்கு ஒண்ணு ரெண்டு குறையும். ஒல்லியா, நிமிந்து நடக்கும். வெளிய புல்லு வெட்டிக்கிட்டு இருந்தாரு அவுக வீட்டுக்காரரு வெர்லின். அவரு ஒருநாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அன்னைக்குத் தொண்டை வலிக்கும்னு நினைக்கேன்.

வாசல்ல ஒரு நோட்டு. வந்தவுக பேரும் ஊரும் எழுதணும். எனக்கு முந்தி எழுதினவரு ஒம்பது நாளைக்கு முந்தி வந்திருக்காரு, அதுவும் அந்தம்மாவோட அக்கா மகன். நான் சும்மா இருப்பனா? பேரு, அப்பா பேரு, கதவு நம்பரு, தெரு, தென்காசி, பின்கோடு, இந்தியான்னு நாலு வரிக்கு எழுதினேன். அந்தம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டி வாசிச்சுட்டு, இவ்வளவு தூரத்துல இருந்தான்னு கேட்டுட்டு, ஓடிப் போயி காப்பி போட்டாந்துச்சு. பழைய கலப்பை, பழைய பெஞ்சு, மணி அடிக்கக் கயிறு, எல்லாத்தையும் காட்டுச்சு. கலப்பை நம்ம கலப்பை மாதிரிதான். அதச் சொன்னேன், அதுக்கு எவ்வளவு சந்தோசம்.

பொறவு நாலு தடவை ஹெல்மர் போயிருப்பேன். அந்தப் பக்கம் வேலை இல்லாதபோதும் மருமகன்கிட்டக் கேட்டுப் போனேன். அந்தம்மா நான் மரக்கறிதான் சாப்பிடுவேன்னு தெரிஞ்சு, முட்டை போடாத பண்டமா ஏதாவது செஞ்சு வச்சிருக்கும். உங்க வீட்டுல தினம் என்ன சாப்பாடுன்னு ஒருநாளு கேட்டுச்சு. சாம்பார்னேன். எப்படி வைக்கதுன்னு கேட்டுச்சு. நான் எந்தக் காலத்துல அடுப்படிக்குள்ள போனேன்? தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். தெரியாதுன்னு சொல்ல நமக்கு வருமா? பருப்ப வேகவையுங்க, காய்கறியப் போடுங்க, புளியக் கரைச்சு ஊத்துங்கன்னேன். புளி எவ்வளவு? ஒரு தேங்காய் அளவுக்குன்னேன். அதையும் ஒரு கவர் பின்னாடி எழுதி வச்சுக்கிடுச்சு.

புரட்டாசிக் கடைசி. அவுக சர்ச்சுல வருசா வருசம் அறுவடை முடிஞ்சதும் ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடுமாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு. ஆளுக்கொரு பாத்திரத்துல சமைச்சுக் கொண்டாருவாவ. அந்தச் சனிக்கிழமை நீங்க குடும்பத்தோட வரணும்னு அந்தம்மா சொல்லுச்சு. கண்டிப்பா வாறோம்னேன்.

"எத்தனை பேரு?"

அது அப்படிக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் திக்குன்னு இருந்துச்சு. நம்ம ஊருல யாராவது எண்ணிக்கை கேப்பாவளா? நானு, உலகம்மா, மக, மருமகன், பிள்ளைக ரெண்டுன்னு, ஆறு பேருன்னு சொல்லிட்டேன். ஆறுன்னு எழுதிக்கிடுச்சு. பெரிய ரோட்டுல வந்தா சுத்து, இப்படி வாங்கன்னு ஒரு தாள்ல குறுக்கு வழிக்குப் படம் போட்டுக் கொடுத்துச்சு. சரள் ரோடு, ஒரு மரப்பாலம், ஓடை, ஒரு சிவப்புக் களஞ்சியம், எல்லாம் வரைஞ்சு அம்புக்குறி போட்டிருந்துச்சு.

தம்பி, நீங்களே சொல்லுங்க. ஒருத்தரு ஆசையாக் கூப்பிடும்போது மூஞ்சிக்கு நேரா வரமாட்டேன்னு சொல்லுதது மரியாதையா? வாறேன்னுதான் சொல்லணும். வரலன்னா அவியளும் ஒண்ணும் நினைக்க மாட்டாவ, நாமளும் ஒண்ணும் நினைக்க மாட்டோம். ஆயிரம் பத்திரிகை அடிச்சா நானூறு இலைதான் போடுவாவ. கூப்பிட்டதும் மரியாதைக்கு, வாறேன்னதும் மரியாதைக்கு. என் அம்மா அப்படித்தான், என் அப்பா அப்படித்தான், நானும் அப்படித்தான் இத்தனை வயசு வரைக்கும் இருந்திருக்கேன். எனக்கு எவன் சொல்லித்தந்தான், அங்க ஆறுன்னா ஆறு நாற்காலின்னு?

அந்தச் சனிக்கிழமை பாருங்க, மத்தியானம் சுரண்டைக்காரரு ஒருத்தரு வீட்டுல மகனுக்குப் பிறந்தநாளு. மகளுக்குத் தெரிஞ்சவுக. போனா, இலை போட்டு, தேங்காப்பால் ஊத்தி சொதி வச்சிருக்காவ. நாலு மாசமா நாக்கு செத்துப் போயிருந்தவனுக்குச் சொதி. சாப்பிட்டு முடிச்சு ஆம்பளைங்க எல்லாம் ஒரு பக்கமா உக்காந்தோம். எல்லாம் நம்ம பக்கத்துப் பையங்க. நான் டைம் கீப்பர்னு தெரிஞ்சதும் அந்தக் காலத்து பஸ்ஸு கதையெல்லாம் கேக்க ஆரம்பிச்சுட்டாவ. நான் ஒவ்வொண்ணாச் சொல்ல, அவிய சிரிக்க, நேரம் போனதே தெரியல. ஊருல என் கதைய யாரு கேக்கா? உலகம்மா கேப்பாளா?

மூணு மணிக்கு மருமகன் வந்து, மாமா ஹெல்மருக்குப் போகணும்லா, ஒன்றரை மணி நேரம் ஆகுமேன்னாரு. இருங்க போவோம்னேன். மூணேகாலுக்கு மறுபடி வந்தாரு. கையில சாவி இருந்துச்சு. பிள்ளைகளுக்குச் சட்டை கூட மாத்தி நிப்பாட்டியிருந்தா செண்பகம். நான் சொன்னேன், "அவிய மரியாதைக்குக் கூப்பிட்டிருப்பாவ மாப்ள. நாம போயி நின்னாத்தான் சங்கடம்."

மருமகனாவது கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்லா? ரெண்டு தடவையோட விட்டுட்டாரு. மாமனாரு சொன்னா மறுபேச்சுப் பேசக்கூடாதுன்னு வளத்திருக்காவ. எனக்கு அவரு மேல இப்பவும் கொஞ்சம் வருத்தம்தான். சரி விடுங்க, அவரு என்ன செய்வாரு.

ஆறு மணிக்கு அங்க நல்ல மழை பிடிச்சுட்டு. ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு, நல்லவேளை போகல, இந்த மழையில மாட்டியிருப்போம்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் ஆமாண்ணாச்சி ஆமாண்ணாச்சின்னாவ.

அதுக்குப் பொறவு அந்தப் பக்கம் வேலை வந்தும் நான் ஹெல்மர் போகல. வெக்கமா இருந்துச்சு. மார்கழிக்கு முந்தி ஊருக்கு வந்துட்டோம். வந்து பூட்டத் திறந்தா, பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கி வச்சிருந்த தபாலுக்குள்ள ஒரு அமெரிக்கத் தபால் கிடக்கு. நோட்டுல நான் பகட்டா எழுதினேன்லா, அந்த விலாசம். அவியகிட்ட என் மக விலாசமும் கிடையாது, போன் நம்பரும் கிடையாது. இது ஒண்ணுதான் இருந்திருக்கு.

அந்த லெட்டர எத்தனை தடவை வாசிச்சேனோ, இப்ப எனக்குப் பாராம வரும். அஞ்சு மணிக்குச் சாப்பாடு. நீங்க வரலன்னு அஞ்சரை வரைக்கும் ஜெபம் சொல்லாம இருந்தோம். பொறவு சாப்பிட உக்காந்தோம், உங்க ஆறு எடத்தையும் அப்படியே விட்டு வச்சோம். ஆறு மணிக்கு மழை வந்ததும் எனக்கு மனசு கேக்கல. நீங்க வாறேன்னு சொன்னிய, அதனால வந்துக்கிட்டுதான் இருப்பியன்னு எல்லாருக்கும் தெரியும். வெர்லினும் இன்னொருத்தரும் ரெண்டு வண்டியில கிளம்பிப் போயி, குறுக்கு ரோடு முழுக்க டார்ச் அடிச்சு ரெண்டு பக்கத்துப் பள்ளத்துலயும் பாத்தாவ. பாலத்துக்குப் பக்கத்துல சரள்ல டயர் தடம் இருந்துச்சு. வெர்லின் ஓடைக்குள்ள இறங்கிப் பாத்தாரு. போலீஸ்ல கேட்டோம், இந்த வட்டாரத்துல விபத்து ஒண்ணும் பதிவாகலன்னாவ. மத்த வட்டாரத்தப் பத்தி எங்களுக்குத் தெரியல. நல்லா இருக்கோம்னு ஒரு வரி எழுதுங்க, இல்ல இந்த நம்பருக்கு எந்த நேரம்னாலும் பேசுங்க. அதுக்கடியில ஒண்ணு எழுதியிருந்துச்சு: உங்களுக்காக சாம்பார் வச்சேன், புளி வாங்க நகரத்துக்குப் போயிட்டு வந்தேன், ரொம்பப் புளிப்பா இருந்துச்சு, ஆனா எல்லாரும் ஒரு கரண்டி சாப்பிட்டோம்.

எம்பத்தொரு வயசு தம்பி அந்த மனுசருக்கு. மழையில ஓடைக்குள்ள இறங்கியிருக்காரு. நான் அங்க நல்லவேளை போகலன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

உடனே பதில் எழுதியிருக்கணும்தான. உக்காந்தேன். எனக்குக் காய்ச்சல்னு எழுதினேன். அப்ப உடம்பு இப்ப எப்படி இருக்குன்னு கேட்டு இன்னொரு லெட்டர் வருமே. கிழிச்சிட்டேன். வண்டி வழியில நின்னு போச்சுன்னு எழுதினேன். அப்ப எங்க நின்னுச்சு, வெர்லின் அத்தனை ரோட்டையும் பாத்தாரேன்னு வரும். கிழிச்சிட்டேன். பேரனுக்கு உடம்புக்கு முடியலன்னு எழுத ஆரம்பிச்சேன், உலகம்மா பாத்துட்டா. பச்சைப் பிள்ளை மேல பொய் சத்தியம் வைக்காதீங்கன்னு பேனாவப் பிடுங்கிட்டா. உண்மைய எழுதுங்களேன்னா. என்னத்த எழுத? சொதி சாப்பிட்டோம், கதை பேசினோம், வரலன்னா? அத எந்த இங்கிலீஷ்ல எழுதினாலும் அசிங்கமால்லா இருக்கும். நாளைக்கு எழுதுவோம், நாளைக்கு எழுதுவோம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். பங்குனியில ஒரு வாழ்த்து அட்டை வந்துச்சு. நல்லா இருக்கியளா? ஒரே வரி. அதுக்கும் எழுதல. அதுக்குப் பதிலாத்தான் கண்ட கண்ட விசேஷத்துக்கெல்லாம் போய்க்கிட்டு இருந்தேன். என் புத்தியப் பாத்தியளா.

இன்னைக்கு மத்தியானம் மூணாவது தபால் வந்துச்சு. கவர் மேல என் பேரு இல்ல. குத்தாலிங்கம் குடும்பத்தாருக்குன்னு இருந்துச்சு.

அவுக சர்ச்சுல நவம்பர் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அந்த வருசம் செத்துப்போனவுக பேர ஒவ்வொண்ணா வாசிச்சு, ஒவ்வொரு பேருக்கும் ஒரு மணி அடிப்பாவளாம். ஒரு வருசம் பாத்தோம், ஒரு தகவலும் இல்ல, அதனால இந்தத் தடவை உங்க வீட்டுப் பெரியவரு பேரையும் வாசிச்சு மணி அடிச்சோம், பேரச் சரியாச் சொன்னோமான்னு தெரியல, மன்னிக்கணும்னு எழுதியிருக்கு. எனக்கு மணி அடிச்சிருக்காவ தம்பி. இந்தா, உங்க முன்னாடி வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

வாசிச்சதும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சுன்னு சொல்லவா? அப்பாடான்னு இருந்துச்சு. செத்தவன் பதில் எழுத வேண்டாம்லா. இந்த மனசு இருக்கே, அத என்ன சொல்லித் திட்டன்னே தெரியல. பொறவு கீழ வாசிச்சேன். நான்தான் உங்களக் குறுக்கு வழியில வரச் சொன்னேன், பெரிய ரோட்டுலயே வரச் சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்காது, அந்தப் படத்த நான் வரைஞ்சிருக்கக் கூடாது, ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பாலத்த நினைச்சுக்கிட்டேதான் படுத்திருக்கேன், உங்க குடும்பம் என்னை மன்னிக்கணும்னு எழுதியிருக்கு.

உலகம்மா வாசிச்சுச் சொல்லுங்கன்னா. வாசிச்சுச் சொன்னேன். உள்ள போயி செல்போன எடுத்தாந்து என் மடியில வச்சா. கண்ணாடியையும் எடுத்தாந்து வச்சா. பொறவு பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா.

அங்க இப்ப நடுராத்திரின்னேன். விடியட்டும்னு சொல்லிட்டு எந்திரிக்கல. நானும் எந்திரிக்கல. சாயங்காலம் ஆறு மணி, அங்க விடியக்காலம் ஆறரை. இனிமே சாக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. நம்பர அமுக்குனேன். ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டாரு. வெர்லின்.

இந்தியாவுல இருந்து குத்தாலிங்கம் பேசுதேன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேக்கு. அவரு எப்பவும் யோசிச்சுத்தான் பேசுவாரு, ஆனா இது அதுக்கும் மேல. கடைசியில, "அடிபட்டுச்சா?"ன்னாரு.

இல்லன்னேன்.

வண்டி எங்கயாவது நின்னு போச்சான்னாரு. இல்லன்னேன். பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமப் போச்சான்னாரு. இல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருந்தோம்னேன். நான் எழுதி எழுதிக் கிழிச்சேன்லா, அதையெல்லாம் அந்த மனுசன் ஒவ்வொண்ணா எடுத்து என் கையில கொடுக்காரு தம்பி. ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு சொன்னாப் போதும், நம்பிருவாரு.

"அப்ப வழி தப்பிட்டியளா? ஆர்டித் போட்ட படம் சரியில்லையா?"

அதக் கேக்கும்போது அவரு குரலு தணிஞ்சு போச்சு. பக்கத்து அறையில அந்தம்மா படுத்திருக்கும்போல. உலகம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டா.

"படம் சரியாத்தான் இருந்துச்சு. நாங்க அந்த ரோட்டுக்கே வரல. அந்தப் பக்கம் கிளம்பவே இல்ல. வாறேன்னு சொல்லிட்டு, சும்மாதான் வரல"ன்னேன். சும்மாங்கிறதுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியல. காரணமே இல்லன்னு சொன்னேன். மன்னிச்சிருங்கன்னும் சொன்னேன், அது அவரு காதுல விழுந்துச்சோ என்னமோ.

அவரு திட்டல, சரின்னும் சொல்லல. ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டு அவ இப்பதான் கண்ணசந்தான்னாரு. போன வைக்கதுக்கு முன்னாடி இவ்வளவுதான் சொன்னாரு:

"எழுப்பிச் சொல்லிருதேன். பொறவு தூங்கட்டும்."